2011 லாராவா, 2013 லாராவா? ரப்பர் மூடியைக் கழற்றிப் பார்த்த கதை

ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். பழைய ஸ்கோடா லாரா கார் வாங்க அலைந்த நாலு மாதமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்த டென்ஷனரை (இன்ஜினுக்குள் செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) நேற்று காலை ஆம்பூரில் ஒரு வீட்டு வாசலில் மல்லாந்து படுத்துக்கொண்டு கண்ணால் பார்த்தேன். புது டைப். அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன். வண்டி இன்னும் என் பெயருக்கு மாறவில்லை, அட்வான்ஸ் மட்டும் கொடுத்திருக்கிறேன்.

லாராவின் ஸ்போர்ட்ஸ் ரகமான வி.ஆர்.எஸ்-தான் வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை. 1.8 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), 160 பிஎஸ், 250 என்எம், ஆறு கியர் மேனுவல். ஐரோப்பாவில் இதே வி.ஆர்.எஸ் பெயரில் 2.0 லிட்டர், 200 பிஎஸ் விற்றார்கள், நமக்குக் கொடுத்தது சாதாரண லாரா டிஎஸ்ஐயின் இன்ஜின்தானே என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவையும் இரண்டாவது கியருக்கும் மூன்றாவது கியருக்கும் நடுவிலேயே இதில் ஏறிப் பார்த்தால் அந்தக் குறை தோன்றாது. 1,500 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க் வந்துவிடும், வளைவை விட்டு வெளியே வரும்போது கீழ் கியரைத் தேட வேண்டியதில்லை. 2017-இல் வந்த ஆக்டேவியா ஆர்.எஸ் 230 இன்னொரு ரகம். 350 என்எம், குறைந்த எண்ணிக்கையில்தான் இந்தியாவுக்கு வந்தது. பழையது விற்பனைக்கு வந்தாலும் விலை என் கைக்கு எட்டாது, அதோடு அது டிஎஸ்ஜி, அதாவது ஆட்டோமேட்டிக் கியர். எனக்குக் கிளட்ச் மிதித்து ஓட்டுகிற வண்டி வேண்டும்.

குழப்பம் வருடத்தில்தான். பழைய கார் வாங்கப் போனால் எல்லோரும் ஒன்றே ஒன்று சொல்வார்கள், பட்ஜெட்டுக்குள் கிடைப்பதில் புது வருடமாகப் பார்த்து வாங்கு என்று. இந்த இன்ஜினுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், இன்ஜின் ஓடும்போது ஆயில் பிரஷரில் நிற்கும், அணைத்த பிறகு ராட்செட் பல்லில் நிற்கும். பழைய டைப்பில் அந்தப் பிடிமானம் உடைந்துவிடலாம். உடைந்தால் அடுத்த ஸ்டார்ட்டில் செயின் பல் தாவலாம், வால்வு பிஸ்டனில் இடிக்கலாம், இடித்தால் ஹெட்டை இறக்க வேண்டியதுதான். மேனுவல் வண்டியைச் சரிவில் கியரில் போட்டு நிறுத்தி, வண்டி பின்னால் லேசாக உருண்டு இன்ஜின் திரும்பிச் சுற்றினாலும் இதே ஆபத்து. ஆகவே மலைப்பக்கம் போகிறவர்கள் கை பிரேக்கை நம்புங்கள், கல்லும் வையுங்கள்.

2012-க்குப் பிறகு தயாரிப்பிலேயே புது டைப் வர ஆரம்பித்தது. அப்படியானால் 2013 வாங்கினால் போதுமே என்றுதான் நானும் ஆரம்பத்தில் நினைத்தேன்.

முதலில் பார்த்தது பெங்களூரில் ஒரு பழைய கார் கடையில். விளம்பரத்தில் 2013 மாடல், 71,000 கிலோமீட்டர், வெள்ளை. வேலூரிலிருந்து விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினேன், கடை திறக்கும்போது வாசலில் இருந்தேன். பானெட் மேல் கை வைத்தால் சூடு. நான் வரும் முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருக்கிறார்கள். இந்த இன்ஜினின் உண்மை முகம் குளிர் ஸ்டார்ட்டின் முதல் மூன்று நொடியில்தான் தெரியும், அந்த மூன்று நொடியை எனக்குக் காட்டாமல் மறைத்தது எனக்குப் பெரிய கோபம். ஆர்சியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பதிவு 2013 ஜனவரி, தயாரிப்பு 2012 மார்ச். பத்து மாதம் எங்கேயோ ஸ்டாக்கில் நின்ற வண்டி. சேஸிஸ் நம்பரில் பத்தாவது எழுத்து சி. அதாவது 2012 மாடல். லேப்டாப்பைச் செருகி விசிடிஎஸ்ஸில் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் மென்பொருள்) 093-வது பிளாக்கைத் திறந்தால் இன்டேக் கேமின் (வால்வைத் திறக்கும் தண்டு) நிலை மைனஸ் 4.6 டிகிரி. செயின் நீண்டால் இந்த எண் மைனஸில் கூடும். மைனஸ் 4-ஐத் தாண்டினால் செயினை மாற்று என்பது நம் ஆட்கள் வைத்திருக்கும் கணக்கு. அடித்தட்டைக் கழற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன், விடவில்லை. இதோடு கர்நாடகப் பதிவு, என்ஓசி வாங்கி வந்து இங்கே ஆயுள் வரி கட்டி நம்பர் மாற்ற வேண்டும். மாலைக்குள் வேலூர் திரும்பிவிட்டேன்.

இரண்டாவது வண்டி என் வீட்டுக்குப் பக்கத்திலேயே, சத்துவாச்சாரியில். டிஎன் 23 நம்பர், 2012, ஒரே ஓனர், 48,000 கிலோமீட்டர். சீட்டில் ஒரு கோடு கிடையாது. 093-இல் மைனஸ் 2.1, சத்தமில்லை. நான் ஏறக்குறைய முடிவே செய்துவிட்டேன். கிளம்பும்போது அந்த ஐயா யதார்த்தமாகச் சொன்னார், "ஆயில் மட்டும் 1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஊத்திடுங்க தம்பி, வேற தொந்தரவே இல்ல." ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை கம்பெனியே ஒப்புக்கொள்ளும், இது அதையும் தாண்டுகிறது. இந்த இன்ஜினில் ஆயில் ரிங் (பிஸ்டனைச் சுற்றி ஆயிலை வழித்து இறக்கும் வளையம்) மெல்லியது, அடைத்துக்கொண்டால் பிஸ்டனையே கழற்ற வேண்டும். கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டிக்கு இது வராது என்று சொல்ல முடியாது, டவுனுக்குள்ளேயே மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் ஓடிய வண்டிக்கு இன்னும் சீக்கிரம் அடைக்கும். மறைக்காமல் சொன்ன மனிதருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அன்று இரவு சரியாகத் தூக்கம் இல்லை.

மூன்றாவதுதான் ஆம்பூர் வண்டி. தோல் வியாபாரம் செய்யும் ஒரு பாய் வைத்திருந்தது. பதிவு 2011 நவம்பர், 1,12,000 கிலோமீட்டர். வருடத்தைக் கேட்டவுடன் வேண்டாம் என்றுதான் இருந்தேன். காட்பாடியில் எனக்கு வண்டி பார்க்கும் அண்ணன் சொன்னதால் போனேன். தயாரிப்பு 2011 செப்டம்பர். சேஸிஸ் நம்பரில் பத்தாவது எழுத்து என்ன தெரியுமா, இதுவும் சி! மாடல் வருடம் முந்தின வருடத்தின் நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. விளம்பரத்தில் 2013 என்று போட்ட பெங்களூர் வண்டியும் 2011 என்று ஒதுக்க இருந்த இந்த வண்டியும் கம்பெனிக் கணக்கில் ஒரே வருடம்!

பாய் சொன்னார், 90,000-த்தில் செயின், டென்ஷனர் எல்லாம் மாற்றியாச்சு என்று. பில் இல்லை. 093-இல் மைனஸ் 0.5. நல்ல எண்தான், ஆனால் எண் செயினைப் பற்றித்தான் சொல்லும், உள்ளே இருக்கும் டென்ஷனர் பழைய டைப்பா புது டைப்பா என்று சொல்லாது. செயினை மட்டும் மாற்றிவிட்டு டென்ஷனரை அப்படியே விட்டவர்களும் இருக்கிறார்கள். கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்க மாட்டேன் என்றேன். "பாத்துக்குங்க தம்பி, காலைல வாங்க, டீ குடிச்சிட்டு ஆரம்பிக்கலாம்" என்றார்.

இப்போது அந்த மூடி. கீழ் டைமிங் கவரில் ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கிறது, அதைக் கழற்றினால் டென்ஷனர் நேராகத் தெரியும். கேட்க எளிது. நம் ஊர் வண்டியில் டிரைவர் பக்கம்தான் செயின் பக்கம். முன்சக்கரத்தை ரேம்ப்பில் ஏற்றி, அடித்தட்டின் டி25 ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். இரண்டு ஸ்க்ரூவின் தலை ஏற்கனவே தேய்ந்திருந்தது, அதற்கே இருபது நிமிடம். அப்புறம் கிராங்க் புல்லிக்குப் பக்கத்தில் விரலை விட்டால் மூடி தட்டுப்படும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. பார்த்தால் கை போகாது, கை போனால் பார்க்க முடியாது. முதல் தடவை தட்டையான ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன், ரப்பரின் ஓரம் கிழியத் தொடங்கியது, உடனே நிறுத்திவிட்டேன். இதை யாரும் ஸ்க்ரூடிரைவரால் செய்யாதீர்கள். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற வளைந்த கொக்கி ஒன்று என் பெட்டியில் இருந்தது. அதன் நுனியில் கொஞ்சம் ஆயில் தடவி, ரப்பரின் உதட்டுக்கு அடியில் விட்டு, ஒரே இடத்தில் இழுக்காமல் சுற்றிச் சுற்றி நாலு இடத்தில் தூக்கிக்கொண்டே வர வேண்டும். மூன்றாவது சுற்றில் 'பொளக்' என்று வந்தது. உள்ளே விழுந்துவிடக் கூடாதே என்று நூலில் கட்டி வைத்திருந்தேன், அது நல்லதாயிற்று.

கொஞ்சம் ஆயில் கையோடு வழிந்தது. போனில் மாட்டும் 5.5 மில்லிமீட்டர் கேமராவை விட்டேன். முதலில் ஒன்றும் புரியவில்லை, எல்லாம் பழுப்பாக மின்னியது. கேமராவின் விளக்கைக் குறைத்து, துடைத்து, கோணம் மாற்றி மாற்றி விட்டதில் தெரிந்தது. டென்ஷனரின் பிஸ்டனைச் சுற்றி வளையம் போன்ற கிளிப், புது டைப்பேதான். வெளியே நீண்டிருந்த பற்கள் மூன்று. செயின் நீள நீள அந்த எண்ணிக்கை கூடும், மூன்று என்றால் நிம்மதி. பாயைக் கூப்பிட்டுப் போனில் காட்டினேன், அவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. பில்லைத் தொலைத்துவிட்டதில் அவருக்கும் ஒரு வருத்தம் இருந்திருக்கிறது.

அதற்கு முன்பே விடியலில் குளிர் ஸ்டார்ட் கேட்டாயிற்று. கடகட சத்தம் இல்லை. ஆயில் பில்லர் மூடியை ஐடிலில் திறந்தால் லேசான இழுப்பு, விசில் இல்லை, ஆகவே பிசிவியும் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) சரி. ஆயில் 2,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் என்றார். இந்த வண்டி வாரம் இரண்டு தடவை சென்னைக்கு ஹைவேயில் ஓடிய வண்டி, அதனால்தான் ரிங் பிழைத்திருக்கிறது என்பது என் கணிப்பு.

விலை 4.60 லட்சம் கேட்டார். 2026 நவம்பரில் 15 வருடம் முடிகிறது, எஃப்சி காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், கட்டணமே 5,000 ரூபாய், அதற்கு மேல் பசுமை வரி. இதை எடுத்துச் சொல்லி 4.15-க்கு முடித்தேன். வருடம் பழையதாக இருப்பதில் உண்மையான செலவு என்று பார்த்தால் இது ஒன்றுதான், அதையும் விலையில் கழித்தாயிற்று.

புது ரப்பர் மூடி பெங்களூர் ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்ட இரண்டு கடையில் இல்லை. தெர்மோஸ்டாட் ஹவுசிங் பிளாஸ்டிக், நம் வெயிலுக்கு எப்போது வேண்டுமானாலும் கசியும், அதையும் சேர்த்தே ஆர்டர் போட்டிருக்கிறேன். ஆயில் ஃபோக்ஸ்வாகன் 502 00 ஸ்பெக் 5டபிள்யூ-40, 7,500-க்கு ஒரு தடவை மாற்றுவேன், 15,000 வரை இழுக்கப் போவதில்லை. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்பதால் இன்டேக் வால்வில் கரி கண்டிப்பாக இருக்கும். வால்நட் ஓட்டுத் தூள் வைத்து அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஆசை. காட்பாடி அண்ணனிடம் கம்ப்ரசர் இருக்கிறது, துப்பாக்கிக்கு ஒரு அடாப்டர் கடைந்து தர ராணிப்பேட்டையில் ஒரு லேத்காரரிடம் பேசியிருக்கிறேன். அளவு எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அது வண்டி கைக்கு வந்த பிறகுதான்.

பழைய மூடியையே ஆயில் தடவித் திருப்பிப் போட்டிருக்கிறேன். ஓரம் லேசாகக் கிழிந்ததால் எனக்குப் பயம். இரவு முழுக்க வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைக்கும்படி பாயிடம் சொல்லிவிட்டு வந்தேன். இன்று காலை ஆறரைக்கு வாட்ஸ்அப்பில் அந்தத் தாளின் படத்தை அனுப்பியிருக்கிறார். "ஒரு சொட்டு கூட இல்ல தம்பி. திங்கக்கிழமை ஆர்டிஓ ஆபீஸுக்கு வந்துடுங்க."