"எளிதில்" என்ற சொல்

நான் எழுதிய வாக்கியம் இது: "பின்மூடியை எவரும் எளிதில் கழற்றலாம்." மடிக்கணினியின் விற்பனைப் பக்கத்தில், படத்துக்குக் கீழே இரண்டாவது வரியாக அது வெளியானது. அதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை என்று இன்றும் சொல்வேன். மூடியைப் பிடித்திருப்பவை ஐந்து சாதாரண ஸ்டார் ஸ்க்ரூக்கள். பசையும் கிடையாது, ரப்பர் காலுக்கு அடியில் ஒளித்துவைத்த ஆறாவது ஸ்க்ரூவும் கிடையாது. என் கையாலேயே கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். விற்பனைக்கு எழுதுகிறவர்களில் அப்படிச் செய்கிறவர்கள் குறைவு என்பதில் அப்போது எனக்கு ஒரு சிறு கர்வமும் இருந்தது.

பக்கம் வெளியாகிச் சில மாதங்கள் கழித்து சர்வீஸ் பிரிவின் மூத்த பொறியாளர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஒரு மாணவியின் கணினியில் ஒரே ஒரு விசை வேலை செய்யாமல் போயிருக்கிறது. எங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு அவர் மூடியைக் கழற்றியிருக்கிறார். பேட்டரி தெரிந்தது, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி தெரிந்தது, விசிறி தெரிந்தது. கீபோர்டு மட்டும் மதர்போர்டுக்கும் பேட்டரிக்கும் அடியில் கிடந்தது. அவற்றையும் வெளியே எடுத்தபின், கீபோர்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ எதுவும் அவர் கண்ணில் படவில்லை. படவும் முடியாது, ஏனென்றால் டாப் கவரின், அதாவது விசைகள் அமைந்த மேல்மூடியின், உட்புறத்தில் உருக்கி அழுத்திய பிளாஸ்டிக் முளைகள்தான் அதைப் பிடித்திருக்கின்றன. எங்கோ சிக்கியிருக்கிறது என்று எண்ணி அவர் நெம்ப, முளைகள் சில முறிந்தன. எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தும்போது கீபோர்டை மதர்போர்டோடு இணைக்கும் ரிப்பன் கேபிளைப் பிடிக்கும் கனெக்டர் மதர்போர்டிலிருந்தே பெயர்ந்துவிட்டது. ஒரு விசையில் தொடங்கியது மதர்போர்டில் போய் முடிந்தது. வாடிக்கையாளர் ஏற்படுத்திய சேதம் என்று வாரண்டி மறுக்கப்பட்டது. மறுத்துக் கையெழுத்திட்டவர் என்னை அழைத்த அதே பொறியாளர்தான்.

அவர் கோபப்படவில்லை. "கவரைத் திறக்கலாம்னு சொல்லிட்டீங்க, சரி. திறந்ததுக்கு அப்புறம் அந்தப் பொண்ணு என்ன செய்யும்னு நினைச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"அதுக்குத்தான் கையேடு இருக்கே, சார்" என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு "சரிங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தச் "சரிங்க"வை எத்தனையோ முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக ஒரு நாள் கேட்கிறது. இதற்கு மேல் உன்னிடம் பேசிப் பயனில்லை என்பதாக மறுநாள் கேட்கிறது.

என் தரப்பு நியாயம் எளிமையானது. திறக்கலாம் என்றுதான் எழுதினேன். கீபோர்டை மாற்றலாம் என்று எழுதவில்லை. லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் கொள்ளளவை இழக்கத் தொடங்கிவிடும். ஆகவே எந்த மடிக்கணினியிலும் நிச்சயமாகத் தேய்ந்துபோகும் உறுப்பு அதுதான். எங்கள் கணினியில் அதை உரிமையாளரே மாற்றிக்கொள்ளலாம். இது சிறிய விஷயம் அன்று. 2012 இல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவில் பேட்டரி உடலோடு பசைவைத்து ஒட்டப்பட்டிருந்தது. கருவிகளைக் கழற்றிப் பார்த்து, பழுதுநீக்குவது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் அதற்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தது. மைக்ரோசாஃப்டின் 2017 சர்ஃபேஸ் லேப்டாப்பைச் சேதப்படுத்தாமல் திறக்கவே முடியாது என்று பூஜ்யம் போட்டது. அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து ஸ்க்ரூக்களை நான் பெருமையாகச் சொன்னதில் என்ன தவறு?

இந்த ஒப்பீட்டில் ஒரு தந்திரம் இருப்பது எனக்கே தெரியாமல் இல்லை. மிக மோசமானதை அருகில் நிறுத்தினால் நடுத்தரமானது நேர்மையாகத் தோன்றும். தவிர, கீபோர்டு பழுதாகும் என்பது இந்தத் தொழிலில் யாருக்குமே புதிய செய்தி அன்று. கணினிமேல் எது சிந்தினாலும் முதலில் வாங்கிக்கொள்வது அதுதான். ஆப்பிள் மடிக்கணினிகளில் 2015 முதல் வந்த மெல்லிய பட்டர்ஃபிளை கீபோர்டுகளில் தூசி புகுந்து விசைகள் நின்றுபோனபோது, 2018 இல் ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் ஒன்றை அறிவிக்க வேண்டியதாயிற்று. கீபோர்டும் மேல்மூடியும் ஒன்றாகப் பிணைந்திருந்ததால், சில விசைகளுக்காக ஒட்டிய பேட்டரியோடு சேர்த்து மேல்பாகம் முழுவதையும் மாற்ற நேர்ந்தது. அந்தச் செய்தி வந்த காலத்தில் எங்கள் அலுவலகத்திலும் அதைப் பற்றிப் பேசிச் சிரித்தோம். நான் சற்று அதிகமாகவே சிரித்தேன் என்று நினைவு.

எங்கள் கணினியில் ரேமையும் தனியே மாற்ற முடியாது. ஆனால் அதைப் பொறுத்தவரை எனக்கு இவ்வளவு உறுத்தல் இல்லை. குறைந்த மின்சக்தியில் இயங்கும் எல்பிடிடிஆர் வகை நினைவகத்தைப் போர்டிலேயே சாலிடர் செய்வதற்குப் பொறியியல் காரணம் உண்டு. குறைந்த மின்னழுத்தத்தில் அதிக வேகத்தில் ஓடும் சிக்னலுக்குச் செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையிலான தூரம் குறைவாக இருக்க வேண்டும். பழைய ஸ்லாட் அதற்கு இடம் கொடுக்காது. பழுதுநீக்கத்தையே அடையாளமாக வைத்து வணிகம் செய்யும் ஃப்ரேம்வொர்க்கூட 2025 இல் தன் மேசைக்கணினியில் ரேமை சாலிடர் செய்துதான் வெளியிட்டது. திட்டு வாங்கினாலும், காரணத்தை மறைக்காமல் சொன்னது. மறுபுறம், அதே வகை நினைவகத்தைக் கழற்றி மாட்டக்கூடியதாக்கும் எல்பிகேம்2 தொகுதியுடன் 2024 இல் லெனோவோவின் திங்க்பேட் மடிக்கணினி ஒன்று வந்துவிட்டதால், "முடியாது" என்பதற்கும் ஆயுள் கொஞ்சம்தான். எது எப்படியானாலும் ரேமுக்குச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உருக்கி அழுத்திய கீபோர்டுக்கு என்ன காரணம் சொல்வது? சற்று மெலிவு, தொகுப்பு வரிசையில் மிச்சமாகும் நேரம், குறையும் ஸ்க்ரூக்கள். இவற்றில் எதையும் வாங்குகிறவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அதே பக்கத்தில் "ராணுவத் தர உறுதி" என்ற வரியை நான் கடுமையாக எதிர்த்திருந்தேன். அந்த வரி சுட்டும் மில்-எஸ்டிடி-810எச் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2019 இல் வெளியிட்ட சோதனை முறைகளின் தொகுப்பு. அதிலிருந்து தனக்கு வேண்டிய சோதனைகளைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுக்கிறார். தேறியதாகச் சொல்பவரும் அவரேதான். கடையில் விற்கும் மடிக்கணினிக்கு அந்தத் துறை எந்தச் சான்றும் தருவதில்லை. இதை விளக்கி மார்க்கெட்டிங் மேலாளருக்கு இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். "வாசிக்கிறவங்களுக்கு இது புரியும்னு நினைக்கிறீங்களா?" என்று அவர் கேட்டார், வரி அப்படியே வெளியானது. மற்றவர் எழுதிய அரை உண்மை கண்ணுக்குத் தெரிந்த அளவுக்கு என்னுடையது தெரியவில்லை. அல்லது தெரிந்தே இருந்ததா என்பதுதான் இப்போதைய கேள்வி.

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. முதல் வரைவில் என் வாக்கியத்துக்குப் பின்னால் இன்னொன்று இருந்தது: "கீபோர்டும் ரேமும் தனியே மாற்றக்கூடியவை அல்ல." எதிர்மறையாக இருக்கிறது என்று மேலாளர் சொன்னதால் அது நீக்கப்பட்டது என்றுதான் இவ்வளவு நாளும் நம்பி வந்தேன், வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பொறியாளர் அழைத்த அன்று மாலை கோப்பின் திருத்த வரலாற்றைத் திறந்து பார்த்தேன். மேலாளரோடு கூட்டம் நடந்தது ஒரு வியாழக்கிழமை. அந்த வாக்கியம் புதன்கிழமை இரவே நீக்கப்பட்டிருந்தது, என் பெயரில். யாரும் கேட்காமலே, கேட்கக்கூடும் என்று நானாகவே முந்திக்கொண்டு செய்திருக்கிறேன். மேலாளர் கண்ணில் அது பட்டிருந்தால் நீக்கச் சொல்லியிருப்பார் என்று இப்போதும் தோன்றுகிறது. ஆனால் அவர் சொல்லவில்லை.

கையேட்டைப் பற்றி நான் சொன்ன பதிலும் அப்படிப்பட்டதுதான். பேட்டரி, எஸ்எஸ்டி, விசிறி ஆகியவற்றுக்கான அத்தியாயங்கள் எல்லோருக்கும் திறந்திருந்தன. "கீபோர்டு: டாப் கவருடன் சேர்த்து மட்டுமே மாற்றவும்" என்ற அத்தியாயம் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்களுக்கு மட்டும் என்று பூட்டப்பட்டிருந்தது. பாதுகாப்பு கருதி என்பது அதற்கான காரணம். தெரியாதவர்கள் கைவைத்துக் கெடுத்துவிடக் கூடாது என்ற அந்தக் காரணத்தை நானும் உண்மையாகவே நம்பினேன். நெம்பாதே என்று சொல்லும் ஒரே பக்கம், நெம்பக்கூடியவருக்குக் கிடைக்காத இடத்தில் இருந்தது. இது பொறியாளருக்குத் தெரியும். நான் கையேட்டைச் சொன்னதும் அவர் மௌனமானதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அந்த வாக்கியம் பக்கத்தில் இருந்திருந்தால் மட்டும் மாணவி வாசித்திருப்பாரா? வாசித்திருந்தாலும் டாப் கவர் முழுவதையும் மாற்றும் செலவைக் கேட்டபின் திறந்து பார்க்கத்தானே செய்திருப்பார்? இப்படிக் கேட்டுக்கொண்டால் சில நாள் நிம்மதி கிடைக்கிறது. சட்டமும் எனக்கு ஓரளவு துணை நிற்கிறது. பிரான்சில் 2021 முதல் மடிக்கணினிகளுக்குப் பழுதுநீக்கக் குறியீடு கட்டாயம். ஆனால் அந்த மதிப்பெண்ணைத் தயாரிப்பாளரே கணக்கிட்டு வெளியிடுகிறார். ஐந்து அளவுகோல்களின் மதிப்பெண்ணும் கூட்டப்படுவதால், நல்ல ஆவணங்களுக்குக் கிடைப்பது கழற்ற முடியாத உறுப்பின் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் கொண்டுவந்த பழுதுநீக்க ஆணையின் பட்டியலில் கைப்பேசியும் டேப்லெட்டும் இடம்பெற்றன, மடிக்கணினி இடம்பெறவில்லை. அரசுகளே கேட்காததை ஒரு விற்பனைப் பக்கம் எழுதுபவர் தாமாகச் சொல்ல வேண்டுமா என்று வாதிட முடியும். வாதிட்டும் இருக்கிறேன், யாரும் எதிரில் இல்லாதபோது.

புதிய மாடலில் கீபோர்டை முளைகளுக்குப் பதிலாக ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், ஐம்பத்திரண்டு. ஒவ்வொன்றும் அரிசி மணியைவிடச் சிறியது. இம்முறை எழுதுவதற்கு முன்பே பொறியாளரை அழைத்து, இதை எளிதில் மாற்றலாம் என்று போடலாமா, சார், என்று கேட்டேன். "நான் பதினெட்டு வருஷமா இதைத்தான் பண்றேன். எனக்கு ஈஸிதான்" என்று சிரித்தார். மாணவியின் கணினி பிறகு என்ன ஆயிற்று என்று கேட்க நினைத்திருந்தேன், கேட்கவில்லை. வரைவில் அந்தச் சொல் வரவேண்டிய இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. பக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.