முகம் பதிஞ்சா போச்சு

சினிமாவுல கூட்டத்துல ஒருத்தனா நிக்கற துணை நடிகன் நான். ஷூட்டிங் போயிட்டு வந்தேன்னு சொன்னா எல்லாரும் கேக்கற மொத கேள்வி, ஹீரோவ பாத்தியா? பாத்தேன், அவரு முதுக, அதுவும் தூரத்துல. மீதி நேரம் பூரா பிளாஸ்டிக் சேர்ல ஒக்காந்து எப்ப கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். 12 மணி நேரம் இருந்தாலும் கேமரா முன்னாடி நின்னது கூட்டிக்கழிச்சா ஒரு மணி நேரம் தேறாது.

கூட்டத்துல நிக்கறதுதானே, இதுல என்ன இருக்குன்னுதான் நானும் போனேன். பார்ட்டி சீன் ஒண்ணு பண்ணிப் பாருங்க. மொதல்ல கொஞ்சம் பாட்டு போடுவாங்க, தாளத்த புடிச்சுக்கணும், டயலாக் ஆரம்பிக்கறப்ப டக்னு நிறுத்திடுவாங்க, ஏன்னா மைக்ல டயலாக் பேசற ரெண்டு பேரோட பேச்சு மட்டும் சுத்தமா விழணும், பாட்டெல்லாம் அப்புறம் எடிட்டிங்ல சேத்துக்குவாங்க. ஆக நாப்பது பேரு இல்லாத பாட்டுக்கு காலடி சத்தம்கூட வராம ஆடிக்கிட்டு இருப்போம். வாய் அசையும், பேச்சு வராது. எதிர்ல நிக்கறவரு என்ன சொல்றாருன்னே தெரியாம விழுந்து விழுந்து சிரிக்கணும், அதையும் சத்தமில்லாம. ஜூஸ குடிக்கற மாதிரி வாய்ல வெச்சு எடுக்கணும், நெசமாவே குடிச்சுட்டா கிளாஸ்ல அளவு கொறஞ்சு அடுத்த டேக்ல மாட்டிக்குவோம். எந்தக் கையில கிளாஸ், எந்த டயலாக்குக்கு திரும்பினேன், எல்லாம் ஞாபகம் வெச்சு ஒம்போது டேக்கும் அச்சு மாறாம பண்ணணும், அப்புறம் கேமராவ அந்தப் பக்கம் திருப்பி வெச்சு மறுபடியும் அதையே.

டிரஸ் நம்மளே மூணு செட் எடுத்துட்டு போகணும்னு சொல்லுவாங்க. பளிச் வெள்ளை வேணாம், கண்ணு அங்கதான் போகும். நெருக்கமா கோடு போட்ட சட்டை கேமராவுல நெளியும். கம்பெனி பேர் எழுதின பனியன் வேணவே வேணாம்.

1982ல வந்த காந்தி படத்துல இறுதி ஊர்வலத்துக்கு 3 லட்சம் பேர் வந்தாங்களாம், படத்துல வர்றது சில நிமிஷம்தான். இப்ப அத்தன பேர் தேவையே இல்ல. ஸ்டேடியம் சீன் ஒண்ணுல நாங்க அம்பது அறுவது பேரு, ஒரு பிளாக்ல ஒக்காந்து கத்திட்டு சட்டைய மாத்திக்கிட்டு அடுத்த பிளாக்குக்கு ஓடினோம், ஒட்டறத கம்ப்யூட்டர் பாத்துக்கிச்சு. ஒரே மேட்ச்சுல எனக்கு நானே எதிர் டீம்.

இதுல பெரிய ஆபத்து என்னன்னா நல்லா நடிச்சுடறது. ஆஸ்பத்திரி சீன்ல ஒரு தடவ கொஞ்சம் கவலையா, கொஞ்சம் ஆழமா பாத்துத் தொலைச்சுட்டேன், கேமராமேனுக்கு புடிச்சுப்போயி லென்ஸ மாத்தி என் மூஞ்சிய தனியா ஒரு ஷாட் எடுத்துட்டாரு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் ஒரே சந்தோஷம். மறுநாள் அதே கதையில கோர்ட் சீன், போயி நின்னா அசிஸ்டன்ட் டைரக்டர் என்னைப் பாத்துட்டு தலைல கை வெச்சுட்டாரு. "உங்க முகம் பதிஞ்சுருச்சு சார், நேத்து ஆஸ்பத்திரில அழுதவரு இன்னைக்கு கோர்ட்டுல எப்பிடி?"

திருப்பி அனுப்பிடுவாருன்னு நெனச்சேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, மொத பெஞ்சுல கேமராவுக்கு முதுக காட்டி ஒக்கார வெச்சுட்டாரு. முதுகு இன்னும் பதியலையாம்.