வெள்ளத்துக்குப் பின் தாமிரபரணியை அளந்த அனுபவம்

2023 கோடையில் தாமிரபரணியின் நலத்தை மதிப்பிடும் குழு ஒன்றில் சேர்ந்தபோது, புட்டியில் நீரைப் பிடித்துச் சோதித்தாலே ஆற்றின் நிலை தெரிந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். பாபநாசத்துக்கு மேல் ஓரிடம், சேரன்மகாதேவி, திருநெல்வேலியின் குறுக்குத்துறை, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே ஓரிடம் என நான்கு இடங்களைத் தேர்ந்தோம். மேலிடம் புலிகள் காப்பகத்துக்குள் வருவதால் வனத்துறையின் அனுமதி கிடைத்த பிறகே பணியைத் தொடங்கினோம்.

கரைந்த ஆக்சிஜனே என் எண்ணத்தை முதலில் அசைத்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டின்படி, குளிக்க உகந்த நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜனாவது இருக்க வேண்டும். குறுக்குத்துறையில் பாசி படர்ந்த ஒரு மடுவில் நண்பகலில் எடுத்த நீர் இந்த அளவை எளிதாகத் தாண்டியது. மறுநாள் விடியுமுன் அதே இடத்தில் எடுத்த நீரோ அதற்கு வெகு கீழே நின்றது. பகலில் ஆக்சிஜனைத் தரும் பாசியே இரவில் அதைச் சுவாசித்துக் குறைத்துவிடுகிறது. அன்றுமுதல் எல்லா இடங்களிலும் விடியற்காலை மாதிரியைக் கட்டாயமாக்கினோம்.

நீர் அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். ஆற்றடியில் வாழும் சிற்றுயிர்களோ கடந்த பல வாரங்களின் நிலையைச் சொல்லும். நீரோட்டத்துக்கு எதிராக வலையைப் பிடித்துக்கொண்டு, அதன் முன்னே உள்ள கற்களைக் காலால் 3 நிமிடம் கலக்கி, வலையில் சேர்ந்தவற்றை வெள்ளைத் தட்டில் கொட்டி, நெருங்கிய இனங்களைச் சேர்த்துக் குடும்பம் குடும்பமாகப் பிரிப்போம். பிரிட்டனில் உருவாகி, இந்திய ஆறுகளுக்கேற்ப மாற்றப்பட்ட முறையில், மாசைத் தாங்காத கல் ஈயின் இளவுயிரிக்கு 10 மதிப்பெண்ணும், சாக்கடையிலும் பிழைக்கும் சிவப்புப் புழுக்களுக்கு 2 மதிப்பெண்ணும் உண்டு. மேலிடத்தின் தட்டில் கல் ஈ, மே ஈ, மணலால் கூடு கட்டும் கேடிஸ் ஈ ஆகிய தூய நீர்ப் பூச்சிகளின் இளவுயிரிகள் நிறைந்திருந்தன. குறுக்குத்துறைத் தட்டில் சிவப்புப் புழுக்களும் நத்தைகளும் மட்டுமே நெளிந்தன.

அந்த ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெருமழை வந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது, ஆற்றுப்படுகையே உருமாறியது. ஜனவரியில் மறுபடி வலை போட்டபோது, எங்கள் அளவுகோலாக இருந்த மேலிடத்திலேயே உயிரினக் குடும்பங்கள் மிகக் குறைந்திருந்தன. கிடைத்த குடும்பங்களின் மதிப்பெண்களைக் கூட்டிய மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால், அந்தக் காட்டாற்றையும் மாசடைந்தது என்றே எழுதியிருப்போம். மொத்தத்தைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்த பிறகே தெளிவு பிறந்தது: மேலிடத்தில் எஞ்சியிருந்தவை மாசைத் தாங்காதவை என்பதால் சராசரி குறையவில்லை, குறுக்குத்துறையில் அது தாழ்ந்தே இருந்தது. வெள்ளம் உயிர்களை அடித்துச் செல்கிறது, சாக்கடை நல்ல உயிர்களை மட்டும் தேர்ந்து கொல்கிறது. குடும்பங்கள் மிகச் சிலவாக இருக்கையில் சராசரியும் தடுமாறும் என்பதால், முடிவெழுத அவசரப்படாமல் பிசானப் பருவ நெல் அறுவடை முடியும் வரை காத்திருந்தோம்.

அடுத்த முறை சென்றபோது, ஓடைகளிலிருந்து மிதந்து வந்த இளவுயிரிகள் மேலிடத்துக் கற்களில் மீண்டும் குடியேறியிருந்தன. மணல் போய்ச் சேறு படிந்த கீழிடங்களில் அவை ஒதுங்கக் கல்லிடுக்குகூட இல்லை. அங்கே துவைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "மணல் கிடந்த மட்டும் அயிரை கிடந்துச்சு, தம்பி" என்றார். அயிரை மணலடியில் வாழும் மீன். எங்கள் தட்டு காட்டியதும் அதையேதான் என்பதால் அவர் சொன்னதையும் பதிவு செய்துகொண்டேன்.

அறிக்கையில் மூன்று பரிந்துரைகளை வைத்தோம். கழிவுநீரை ஆற்றில் சேருமுன்னே சுத்திகரிக்க வேண்டும், ஓடைகள் ஆற்றில் கலக்கும் இடங்களில் கரைத் தாவரங்களை அழிக்கக் கூடாது, கோடையிலும் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே நீர் ஓட வேண்டும். இவற்றுள் இரண்டாவதைத்தான் நான் அதிகம் வற்புறுத்தினேன், ஏனெனில் வெள்ளத்துக்குப் பின் ஆறு மீண்டெழுவதற்கான விதை அங்கிருந்தே வருகிறது. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் அருகில், மாதிரி எடுத்த நேரத்தையும், அதற்கு முந்தைய வெள்ளத்தின் தேதியையும், அன்று அணையில் நீர் திறக்கப்பட்டிருந்ததா என்பதையும் குறித்துவைத்திருக்கிறோம்.