டிஸ்னி வேர்ல்டுக்கு புளியோதரை கட்டிட்டுப் போனோம்

போன லீவுக்கு அமெரிக்கால ஃப்ளோரிடாவுல இருக்குற ஒர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டு தீம் பார்க்குக்குப் போனோம், நாங்க ரெண்டு பேரு, பசங்க ரெண்டு, கூட அம்மா. டிக்கெட்டுக்கே பெரிய தொகை போயிடுச்சு, சாப்பாட்டுலயாவது மிச்சம் பிடிக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். நிறைய பேருக்கு இது தெரியல, அங்க வெளிச் சாப்பாடு உள்ள கொண்டு போக விடுவாங்க, கண்ணாடி பாட்டில் கூடாது, சூடு பண்ண வேண்டிய ஐட்டம் கூடாது, ஐஸ் கட்டிய அப்படியே கொட்டி எடுத்துட்டுப் போகவும் கூடாது.

அதனால டிஸ்னிக்குப் பக்கத்து ஊரான கிஸ்ஸிம்மி பக்கம் கிச்சன் இருக்குற வீடா பாத்து எடுத்தோம். அம்மா காலைல அஞ்சரைக்கே எழுந்து புளியோதரை கிளறிடுவாங்க, சப்பாத்தி ரோல் என் வேலை, பசங்களுக்குத் தயிர் சாதம், பக்கத்துல ஜெல் ஐஸ் பேக் வச்சதுல மதியம் வரைக்கும் புளிக்கவே இல்ல.

தண்ணிக்கு மட்டும் காசு குடுக்காதீங்க! கவுண்டர்ல ஆர்டர் பண்ற கடைங்கள்ல கேட்டா ஒரு கப்புல ஐஸ் தண்ணி சும்மாவே தருவாங்க, ஃப்ளோரிடா வெயிலுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா.

ஆனா எல்லாத்துலயும் கணக்கு பாத்தா பசங்க முகம் வாடிரும்ல, அதுக்காக மிக்கி மவுஸ் தலை மாதிரியே இருக்குற மிக்கி ஐஸ்க்ரீம் பார் மட்டும் தினம் ஆளுக்கு ஒண்ணு. அம்மாவுக்கும்தான், காதுப் பக்கத்த முதல்ல கடிச்சு ரசிச்சு சாப்பிட்டாங்க.