உதவித்தொகை வரவில்லையா? முதலில் அது எந்தத் துறையின் பணம் என்று பாருங்கள்

கல்லூரி உதவித்தொகைப் பிரிவில் உட்காருகிறவர்களிடம் ஆண்டு முழுக்க வருகிற கேள்வி ஒன்றுதான்: "பட்ஜெட்ல அறிவிச்சாங்களே சார், ஏன் இன்னும் ஏறல?" கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் எந்தத் திட்டத்தில் விண்ணப்பித்திருக்கிறோம் என்பதே தெளிவாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டாலே பாதி அலைச்சல் மிச்சம்.

உயர்கல்விக்கு இத்தனை ஆயிரம் கோடி என்று நிதிநிலை அறிக்கையில் வருகிற தொகை உதவித்தொகைக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பெரும்பகுதி அரசுக் கல்லூரிகளின் சம்பளம், உதவிபெறும் கல்லூரிகளின் மானியம், பல்கலைக்கழகங்களின் தொகுப்பு மானியம் என்றே போய்விடும். ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குச் சட்டமன்றத்தில் கேட்கும் ஒதுக்கீட்டுக்கு மானியக் கோரிக்கை என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. உயர்கல்வித் துறையின் மானியக் கோரிக்கை எண் 20. உதவித்தொகையோ பல கோரிக்கைகளில் சிதறிக் கிடக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான உதவித்தொகை) 4-ஆம் எண்ணில். பிசி, எம்பிசி, சீர்மரபினருக்கானது 9-இல். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் சமூக நலத்துறையின் 45-இல். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை மட்டும் உயர்கல்வித் துறை வழியாக வருகிறது. ஒரே வகுப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் நான்கு பேருக்கு நான்கு துறைகளிலிருந்து பணம் வரலாம். ஒருவருக்கு வந்துவிட்டது, எனக்கு ஏன் வரவில்லை என்று ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை.

இங்கே அடிக்கடி கதவு மாறிப் போகிறவர்கள் கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் மாணவர்கள். சாதிச் சான்றிதழில் பிசி என்று இருப்பதால் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்துக்குப் போய் நிற்பார்கள். அவர்களுக்கான உதவித்தொகை ஆதிதிராவிடர் நலத்துறையில்தான் இருக்கிறது. முழுக்க மாநில நிதி.

அறிவிப்பு வந்த நாளுக்கும் பணம் வருகிற நாளுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். பிப்ரவரி அல்லது மார்ச்சில் நிதிநிலை அறிக்கை உரை. அதன்பின் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம். அப்போதுதான் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியாகும். பிறகு நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு. புதுத் திட்டமென்றால் அதற்கப்புறம் தனியாக அரசாணை வர வேண்டும். யார் தகுதியானவர், எந்த ஆண்டு மாணவரிலிருந்து தொடக்கம், எந்த இணையதளம் என்பதெல்லாம் அரசாணையில்தான் இருக்கும், உரையில் இருக்காது. தேர்தல் ஆண்டில் இது இன்னும் தள்ளிப்போகும். 2021-இல் பிப்ரவரியில் இடைக்கால நிதிநிலை அறிக்கை, ஆட்சி மாறி ஆகஸ்ட் 13-இல் திருத்திய அறிக்கை. நடந்துகொண்டிருக்கும் திட்டங்களுக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. புதியவை மட்டும் காத்திருக்கும்.

எண்களை எப்படி வாசிப்பது என்பதற்கு நல்ல உதாரணம் மாணவர்களுக்கான இதே போன்ற திட்டமான தமிழ்ப் புதல்வன். 2024 பிப்ரவரி உரையில் அதற்கு 360 கோடி ரூபாய். மாதம் 1,000 வீதம் ஒருவருக்கு ஆண்டுக்கு 12,000. 3 லட்சம் பேருக்குக் கணக்குப் போட்டால் சரியாக 360 கோடி. ஆக, அது தலை எண்ணிக்கையைப் பெருக்கிப் போட்ட மதிப்பீடு. திட்டம் கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கியது ஆகஸ்ட் 9-இல். உண்மையில் எவ்வளவு செலவானது என்று தெரிய வேண்டுமானால், பின்னால் வரும் ஆண்டுகளின் கோரிக்கைப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அதில் கணக்குகள், திருத்த மதிப்பீடு, வரவு செலவு மதிப்பீடு என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். திருத்த மதிப்பீடு முதலில் சொன்னதைவிடக் குறைந்திருந்தால், பணம் இல்லாமல் போனது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பயனாளிகள் எண்ணிக்கை எதிர்பார்த்ததை எட்டாததும் காரணமாக இருக்கலாம். தொகைகள் ஆயிரம் ரூபாயில் அச்சிடப்பட்டிருக்கும், அதைக் கவனிக்காமல் படித்துப் பதறுகிறவர்கள் உண்டு. பல்கலைக்கழக மானியத்தைத் தேடுகிறவர்கள் 2202-03-102 என்ற கணக்குத் தலைப்பைப் பார்க்கவும். தொழில்நுட்பக் கல்வி 2203, சாதிவாரி நலத்திட்டங்கள் 2225, சமூகப் பாதுகாப்பு 2235.

இனி விண்ணப்பம். பெரும்பாலான சிக்கல் இங்கேதான், அதிலும் பெயரில். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "பிரியா ஆர்". ஆதாரில் "ஆர் பிரியா". வங்கியில் "பிரியா ராமசாமி". மூன்றும் ஒரே பெண் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. மதிப்பெண் பட்டியலை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துவதுதான் சரியான வரிசை. ஆதாரைப் பார்த்து மற்றதை மாற்றப் போனால் முடிவில்லாத வேலை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரு முறைதான். அவசரத்தில் பிரவுசிங் சென்டரில் தப்பாகத் திருத்தி ஒரு வாய்ப்பை வீணடிக்க வேண்டாம். பதினைந்து வயதுக்கு மேல் கட்டாயமாகச் செய்ய வேண்டிய கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பைச் செய்யாதவர்களுக்கு இ-கேஒய்சி (ஆதார் வழியாக ஆளைச் சரிபார்ப்பது) நேரத்தில் விரல் வைத்தால் பொருந்தாது. மாணவரை மூன்று தடவை விரல் வைக்கச் சொல்லிவிட்டு "மெஷின் சரியில்லை" என்பார்கள். மெஷின் சரியாகத்தான் இருக்கும்.

இ-சேவையில் சான்றிதழ்களின் சேவை எண்கள்: சாதிச் சான்றிதழ் ஆர்இவி-101, வருமானச் சான்றிதழ் ஆர்இவி-103, முதல் பட்டதாரி ஆர்இவி-104. மூன்றும் இ-சேவை மையத்தில், ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபாய். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மேலே நகரும். கையால் எழுதிய பழைய அட்டைச் சான்றிதழ் வைத்திருந்தால் உடனே மின்சான்று வாங்குங்கள். இணையதளம் கேட்பது சான்றிதழ் எண்ணை, படத்தை அல்ல. வருமான வரம்பு போஸ்ட் மெட்ரிக்குக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம். அரசு, உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலை படிக்கும் பிசி, எம்பிசி, சீர்மரபினருக்கு வருமான வரம்பு கிடையாது. இது தெரியாமல் விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் ஏராளம். முதுகலை, தொழிற்படிப்பு என்றால் அவர்களுக்கும் 2.5 லட்சம்தான்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குத் தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாருமே பட்டம் பெற்றிருக்கக் கூடாது. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்தால் அடுத்தவருக்குக் கிடைக்காது. கவுன்சலிங் வழியாக வந்த இடத்துக்கு மட்டுமே செல்லும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு இந்தச் சான்றிதழை நீட்டிப் பயனில்லை. இந்தப் பணம் மாணவர் கணக்குக்கு வராது, கல்லூரிக்குப் போய்க் கட்டணத்தில் கழியும். எனவே "எனக்கு ஏறவில்லை" என்று வங்கியில் கேட்காதீர்கள், கட்டண ரசீதில் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் இரண்டிலும் சிக்கல் வேறு விதம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பது விதி. கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் தகுதியானவர்களே. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் 2024 டிசம்பர் 30 முதல் நீட்டிக்கப்பட்டது. பள்ளி விவரம் எமிஸ் என்கிற, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் தளத்திலிருந்து வருகிறது. ஏழாம் வகுப்பில் ஓராண்டு வேறு பள்ளி என்று தவறாகப் பதிவாகியிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். கல்லூரியால் அதைத் திருத்த முடியாது, கடைசியாகப் படித்த பள்ளியில்தான் கேட்க வேண்டும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இந்த ஆயிரம் உண்டு. தொலைநிலைக் கல்விக்கும் முதுகலைக்கும் இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் கடைசிப் படியில் சறுக்குவது வங்கி. "ஆதார் லிங்க் பண்ணியாச்சு" என்று வங்கியில் சொல்வது பெரும்பாலும் கேஒய்சிக்கான இணைப்பு. நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு என்பிசிஐ மேப்பரில் (எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்று காட்டும் பதிவேடு) கணக்கு ஏற வேண்டும், இதைத்தான் சீடிங் என்கிறார்கள். அதற்குத் தனி ஒப்புதல் படிவம் உண்டு. எத்தனை கணக்கில் ஆதார் கொடுத்திருந்தாலும் மேப்பரில் நிற்பது கடைசியாக சீடிங் செய்த ஒன்றே. பணம் அந்தக் கணக்குக்குத்தான் போகும், விண்ணப்பத்தில் எழுதிய எண்ணுக்கு அல்ல. "வரவில்லை" என்று வருகிறவர்களில் சிலருக்குப் பள்ளியில் படிக்கும்போது திறந்து மறந்துபோன கணக்கில் பல மாதப் பணம் கிடக்கும். மைஆதார் தளத்தில் வங்கி சீடிங் நிலையைத் திறந்தால் எந்த வங்கி என்று காட்டும். பதினெட்டு வயதானதும் மைனர் கணக்கை மாற்றி, கையெழுத்து புதுப்பித்துவிட வேண்டும். பக்கத்தில் வங்கி இல்லாதவர்களுக்கு அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கி நல்லது: போஸ்ட்மேனே விரல் ரேகை வாங்கித் திறந்து தருவார், குறைந்தபட்ச இருப்பும் வேண்டாம்.

எஸ்சி, எஸ்டி போஸ்ட் மெட்ரிக்கில் ஒன்றை நினைவில் வையுங்கள். எஸ்சி மாணவர்களுக்கு 2020-21-இலிருந்து மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பிரிந்திருக்கிறது. மாநிலப் பங்கு முதலில் விடுவிக்கப்படும், பிறகுதான் மத்தியப் பங்கு நேரே மாணவர் கணக்குக்கு வரும். ஒரு தொகை வந்ததும் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. இதில் கல்விக் கட்டணமும் சேர்ந்து வருவதால், வந்ததைச் செலவழித்துவிட்டால் கல்லூரியில் நிலுவை விழும். நிலுவையைக் காட்டி அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பதை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே தடை செய்திருக்கிறது. எழுத்தில் கேட்டால் பல கல்லூரிகள் கொடுத்துவிடும், வாயால் கேட்டால் கொடுக்காது.

பல்கலைக்கழகத்தின் பணமுடை மாணவரைத் தொடுவது இன்னொரு வழியில். மாநிலப் பல்கலைக்கழகங்களின் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்க்கிறது. தணிக்கை ஆட்சேபம் தீராவிட்டால் மானியம் தாமதமாகும். 2024-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது 424 கோடி ரூபாய் வரிக் கோரிக்கைக்காக. அரசு மானியம் செலவில் பாதிக்கும் கீழே இறங்கினால், அரசு நிதியில் நடக்கும் நிறுவனம் என்ற வரிவிலக்குக்கே ஆபத்து என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. மானியம் சுருங்கினால் அடுத்து கை வைப்பது தேர்வுக் கட்டணத்திலும் சுயநிதிப் பாடப்பிரிவுகளிலும். அவற்றையெல்லாம் உதவித்தொகை முழுதாக ஈடுகட்டும் என்று நம்ப வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் பணம் வரவில்லை என்றால் முதலில் கல்லூரியில் உதவித்தொகையைக் கவனிக்கும் நோடல் ஆபீசரிடம் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். கல்லூரி ஒப்புதல், மாவட்ட ஒப்புதல், இயக்கக ஒப்புதல், வங்கி நிராகரிப்பு: எது என்று தெரிந்த பிறகு மட்டும் மாவட்ட அலுவலகம் போங்கள். 1100-க்கு அழைத்து முதல்வரின் முகவரியில் மனு போடுவதும் வேலை செய்கிறது, விண்ணப்ப எண்ணும் திட்டத்தின் சரியான பெயரும் சொன்னால். அதற்கும் பதில் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் தரவில்லை" என்று கேட்டால் தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். என் விண்ணப்ப எண்ணின் மீது எந்தத் தேதியில் யார் ஒப்புதல் அளித்தார், பணம் அனுப்பப்பட்டிருந்தால் அதன் பரிவர்த்தனை எண், நிராகரிக்கப்பட்டிருந்தால் பதிவான காரணம் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று கேளுங்கள்.