ஒரு வேலியில் 5242 கோடியே 88 லட்சம் பங்கு

ராஜராஜ சோழன் காலத்து நில அளவை பற்றிய வரலாற்று நூல்களில் ஓர் எண் தவறாமல் வரும்: 52,42,88,00,000. வேலி என்பது ஒரு நில அளவு; ஒரு வேலியை இத்தனை கூறு போட்டால் வரும் ஒரு கூறு வரைக்கும் கணக்கெழுதினார்களாம். 'என்ன துல்லியம்!' என்று வியப்பதோடு பேச்சு முடிந்துவிடும். எண்ணைப் பிரித்துப் பார்த்தால்தான் சங்கதி தெரியும்.

கடைசி ஐந்து சுழியை எடுத்தால் மிச்சம் 5,24,288. அது 2-இன் 19-ஆம் அடுக்கு. சுழிகளையும் சேர்த்தால் 2²⁴ × 5⁵. வேறு பகா எண் உள்ளே கிடையாது. வகுஎண்கள் 25 × 6 = 150.

இந்த எண் கீழ்வாயிலக்கம் என்ற பழைய தமிழ்ப் பின்னக் கணக்கில் வார்த்தது. வீசம் 1/16, மா 1/20. வீசத்தில் மாவைக் கழித்தால் 1/80, அதுதான் காணி. காணியில் கால் பங்கு முந்திரி, 1/320. அதற்கும் கீழே போக 'கீழ்' என்று போட்டு மறுபடி 320-ஆல் வகுப்பார்கள். இப்படி நாலு படி இறங்கினால் 320⁴ = 1048 கோடியே 57 லட்சத்து 60 ஆயிரம். அதில் ஐந்து மடங்கு நம் எண். ஐந்தில் ஒன்றுக்கும் பெயர் இருக்கிறது: நாலு மா.

இந்த அடுக்கு திணறுவது 3-இடம். ஒரு வேலியை மூன்று பங்கு வையுங்கள். ஒரு பங்குக்கு 106 முந்திரி போக மிச்சம் நிற்கும். அதை ஒரு படி கீழே வகுத்தால் 213, இன்னும் மிச்சம். அடுத்து 106, பிறகு 213... முடியவே முடியாது. எங்கேயோ வெட்டித்தான் ஆகவேண்டும்.

இன்றைய வேலி 20 மா, மாவுக்கு 100 குழி, குழி 12 அடிக்கு 12 அடி. மொத்தம் 2,88,000 சதுர அடி. அதில் நம் கூறு ஏறக்குறைய அரை சதுர மில்லிமீட்டர். ஒரு நெல்மணி கூட உட்காராது. எந்த அளவுகோலும் இதை அளந்திருக்காது. ஊர் நிலத்தில் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு எல்லாம் கழித்து மீதிக்கு இறை (நிலவரி) கட்டும்போது ஏட்டுக்கணக்கில்தான் இவ்வளவு நுணுக்கம் வரும்.

கால்குலேட்டரில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு: பத்து இலக்கக் கருவி இந்த எண்ணை ஏற்காது. 1-ஐ 524288-ஆல் வகுத்து, பிறகு 100000-ஆல் வகுங்கள். முழு விடை திரையில் கொள்ளாது: புள்ளிக்குப் பின் பத்து சுழி, அப்புறம் 19073486328125. அதோடு நின்றுவிடும், 2-ம் 5-ம் மட்டும் இருப்பதன் பலன்.

காவிரி டெல்டாவில் பெரிய பிழை இந்த நுணுக்கத்தில் வருவதில்லை, 'மூணு மா ஒரு ஏக்கர்' என்ற வாய்க்கணக்கில் வருகிறது. மூன்று மா 43,200 சதுர அடி, ஏக்கர் 43,560. ஏக்கருக்கு இரண்டரைக் குழி குறைகிறது. வேலியை ஆறே முக்கால் ஏக்கர் என்றுகூட வேண்டாம், 6⅔ ஏக்கர் என்று எழுதினாலே 2,400 சதுர அடி கூடுதலாக ஏறிவிடும். முழுசாக ஒரு கிரவுண்டு.