குடத்தின் பக்கத்தில் ஒரு ஓட்டை

இன்று காலை ஒரு காணொளியில், ஒரு பெண் மடியில் மண்குடத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு வாசித்தார். நைஜீரியாவின் தென்கிழக்கில் வாழும் இக்போ மக்களின் ஊடு என்ற தாள வாத்தியம் அது.

குடத்தின் பக்கவாட்டில் ஒரு வட்டத் துளை. அவர் உள்ளங்கையால் அதைச் சட்டென்று மூடி எடுத்தார். 'தூம்' என்று ஓர் ஒலி, நீர்க்குமிழி மேலேறுவது போல வழுக்கிக்கொண்டு போனது. உள்ளே அடைபட்ட காற்றுதான் அந்த ஒலி. இன்னொரு கை குடத்தின் வாயைப் பாதி மறைக்க, சுருதியே மாறியது. இடையிடையே விரல்கள் மண் உடம்பைத் தட்டின.

துளை பிறகு போட்டதல்ல. களிமண் ஈரமாக இருக்கும்போதே வெட்டிவிட்டுத்தான் சுடுகிறார்கள்.

இக்போ மக்களிடையே பானை வனைவது பெரும்பாலும் பெண்களின் தொழில். ஊடுவும் மரபாகப் பெண்களின் வாத்தியம். வனைந்த கைகளே வாசிப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. (நம் கடம் இதற்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. ஆனால் அதற்கு இந்தப் பக்கத்துளை கிடையாது.)

1970களில் ஃபிராங்க் ஜியோர்ஜினி என்ற அமெரிக்கக் குயவர், அப்பாஸ் அஹுவான் என்ற நைஜீரியக் குயவரிடம் ஊடு செய்யக் கற்றார். இன்று உலகெங்கும் இசைக்கருவிக் கடைகளில் ஊடு கிடைக்கிறது. அந்த விளம்பரங்களில் இக்போ பெண்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதலாம்.